வளரும் பிள்ளைக்கு 104 மில்லிமீட்டர் ஸ்கீ வாங்கிய கதை

"ஒரு அளவு பெரிசா எடுங்கோ, வளருற பிள்ளைதானே." யாழ்ப்பாணத்தில் அம்மா எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கிய காலத்திலிருந்து காதில் விழுந்துகொண்டிருக்கிற வசனம் இது. சப்பாத்தின் முன்பக்கத்தில் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டு போன தலைமுறை நாங்கள். அந்தப் புத்தியோடுதான் 158 செ.மீ. உயரமும் 47 கிலோ நிறையும் உள்ள என் 14 வயது மகளுக்கு, 172 செ.மீ. நீளமும் 104 மி.மீ. அகலமும் உள்ள ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை, வாங்கினேன். அதில் எனக்கு 475 டொலர் போனது. அவளுக்கு ஒரு முழங்காலும் ஐந்து கிழமைப் பருவமும் போயின. முழங்கால் திரும்பி வந்துவிட்டது, காசு வரவில்லை.

நான் ஸ்கீ செய்கிற ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் பனி என்றால் எனக்கு வழிக்கிற வேலைதான். மகள் ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தோடு போய்ப் பழகிவிட்டு வந்து, "அம்மா, இன்னொருக்கா" என்று கேட்டாள். ஏர்ல் பேல்ஸ் பூங்காவில் நகரசபை நடத்தும் சின்ன மலையில் வகுப்புக்குச் சேர்த்தேன். இரண்டு குளிர்காலம் சீசன் வாடகைக்கு ஸ்கீ எடுத்தோம். இலையுதிர்காலத்தில் கடையில் எடுத்து, சித்திரையில் திருப்பிக் கொடுத்துவிடுவது. கணவருக்கு வார இறுதியில்தான் வேலை கூட. ஆகவே கார் ஓடுவது, பூட்ஸ் கொக்கி பூட்டுவது, கீழே இருந்து பிளாஸ்க்கில் தேத்தண்ணி குடிப்பது எல்லாம் என் பொறுப்பு. வளருகிற பிள்ளைக்கு அந்தச் சீசன் வாடகைதான் ஆகத் திறமான ஏற்பாடு என்று இப்போதும் சொல்வேன். அதை நான் ஒரு வருடம் முன்கூட்டியே கைவிட்டதுதான் முதல் பிழை.

மூன்றாவது வருடம் அவள் இலகுவான பச்சை, நடுத்தர நீலப் பாதைகளை எல்லாம் முடித்துவிட்டுக் கடினமான கறுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். இரண்டு ஸ்கீயையும் சமாந்தரமாக வைத்துத் திரும்புவாள். இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய பாதை அலுத்துப்போய், ஓரத்தில் கிடக்கிற கிளறின பனிக்குள்ளும் மேடுபள்ளத்துக்குள்ளும் போகப் பார்ப்பாள். வாடகை ஸ்கீ 140 செ.மீ., நடுவில் 68 மி.மீ. "வேகமாப் போனா ஆடுது அம்மா, மெத்துப் பனிக்குள்ளே புதையுது" என்றாள். அவள் சொன்னது சரி. பிள்ளை ஸ்கீயை விட்டு வளர்ந்துவிட்டாள், கொஞ்சம் அகலமானது தேவைதான். எவ்வளவு அகலம் என்பதில்தான் நான் சறுக்கினேன்.

வன்கூவரில் இருக்கிற என் தம்பியைக் கேட்டேன். அவன் பதினைந்து வருடமாக ஸ்கீ செய்கிறவன். "நூறுக்குக் குறைய வாங்காதேங்கோ அக்கா, பிறகு மாத்த வேண்டி வரும்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் போகிற விஸ்லர் மலையில் வருடத்துக்குப் பத்து மீட்டருக்கு மேல் பனி கொட்டும். உச்சியிலிருந்து அடிவாரம் 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். நாங்கள் போகிற கொலிங்வுட் புளூ மவுண்டனின் இறக்கம் 220 மீட்டர். பாதிப் பனி பீரங்கி போட்டு அடிக்கிற செயற்கைப் பனி. பகலில் உருகி, இரவில் இறுகி, காலையில் போனால் சீமெந்துத் தரை. இரண்டையும் நாங்கள் ஸ்கீ மலை என்றுதான் சொல்கிறோம். ஆனால் தம்பியின் ஆலோசனையை இங்கே கொண்டுவந்து பாவித்தது, வன்னிக்கு மழைக்கணக்குப் பார்த்து மணற்காட்டில் நெல் விதைத்த மாதிரி. யாரிடம் யோசனை கேட்டாலும், "நீங்கள் எந்த மலையில், எந்தப் பனியில் ஓடுகிறீர்கள்" என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

மாசி முடிவில் இணையத்தில் ஒரு பாவித்த சோடி வந்தது. பூட்ஸை ஸ்கீயோடு பூட்டி, விழும்போது கழர விடுகிற பைண்டிங்கோடு 380 டொலர், புதிதாக 900க்கு மேல் போன சாமான். உள்ளே இரண்டு தகடு உலோகம், "மிச்சம் உறுதி" என்றார் விற்றவர். நீளத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "வளர்ந்து சரிவரும்" என்று அவரும் அதே வசனத்தை ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குச் சொந்தக்காரர் மாதிரி இருந்தது. மகளின் பூட்ஸைக் கொண்டுபோயிருந்தேன். அவர் தன்னுடைய கராஜிலேயே ஒரு ஸ்குரூ டிரைவரால் பைண்டிங்கை முன்னுக்குப் பின்னுக்கு அரக்கிப் பூட்டிக் காட்டினார். டக்கென்று ஒரு சத்தம். "சரி, ரெடி" என்றார். நானும் சந்தோஷமாகக் காசைக் கொடுத்தேன். வீட்டில் சுவரோடு சாத்தி வைத்தபோது ஸ்கீ மகளின் தலையைத் தாண்டி நின்றது. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினோம், அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

ஸ்கீயின் மேலே மூன்று இலக்கம் எழுதியிருக்கும். எங்களுடையதில் 132-104-122. நுனி, நடு, வால் அகலம், மில்லிமீட்டரில். நடு இலக்கம்தான் ஆட்களின் வாயில் அடிபடுவது. பல கம்பனிகள் அதைப் பெயரிலேயே வைத்துவிடும். பிளாக் பேர்ல் 88, என்ஃபோர்சர் 94 என்றால் அந்த 88உம் 94உம் நடு அகலம்தான். பக்கத்தில் சின்னதாக 'ஆர்' போட்டு இன்னோர் இலக்கம் இருந்தால், அது ஸ்கீ தன்பாட்டில் எத்தனை மீட்டர் ஆரத்தில் வளையும் என்பது. இலக்கம் கூடக்கூட நீண்ட வளைவு. சமப்படுத்திய பாதைக்கான ஸ்கீ எழுபதை ஒட்டி நிற்கும். எல்லாப் பனிக்குமானது என்று விற்பது எண்பதிலிருந்து நூறு வரைக்கும். அதற்கு மேலே போகப் போக ஆழமான புதுப் பனிக்கு. அந்த 'எல்லாப் பனியும்' என்கிற சொல்தான் ஆளை ஏமாற்றும், 82உம் அதுதான், 98உம் அதுதான்.

அகலம் கூடினால் என்ன நடக்கும் என்பதை எனக்குப் பிறகு ஒரு கடைக்காரர் மேசையில் ஒரு பலகைத் துண்டை வைத்துக் காட்டினார். நடுவில் விரலை வைத்து அமத்தியபடி பலகையை ஒரு பக்கம் சரிக்கச் சொன்னார். ஒடுங்கிய பலகை சுகமாகச் சரிந்தது. அகலமானது விரலோடு மல்லுக்கட்டியது. 68 மி.மீ. ஸ்கீயின் விளிம்பு ஏறக்குறைய பூட்ஸின் விளிம்புக்கு நேர் கீழே நிற்கிறது. 104இல் அது இரண்டு பக்கமும் வெளியே தள்ளி நிற்கிறது. இறுகிய பனியில் பிடிப்பது அந்த இரும்பு விளிம்பு மட்டும்தான். அதைக் குத்தவைக்க முழங்கால்தான் நெம்புகோல். 90 கிலோ ஆளுக்கு அது ஒரு பிரச்சினை இல்லை, 47 கிலோப் பிள்ளைக்குப் பெரிய பிரச்சினை. மெத்துப் பனியில் இதே அகலம் மேலே மிதக்க வைக்கும். அப்போது அது வரம், எங்கள் ஊர்ப் பனியில் பாரம்.

அடுத்த பருவம் தை மாதம்தான் முதல் நாள். அதற்கு முந்தின நாள் மழை, இரவு குளிர்ந்து காலையில் மறை 14 பாகை. பாதை முழுக்கக் கண்ணாடி. முதல் இறக்கம் முடிந்து வந்தபோது மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் எனக்குப் பயம். இரண்டாவதும் முடிந்து, "இது திரும்புதில்லை அம்மா, நான் திருப்ப அது தன்ரபாட்டில போகுது" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புதுசுதானே, பழகிவிடும்." அந்த வார்த்தையை இன்னும் விழுங்க முடியவில்லை. மூன்றாவது இறக்கத்தில் சறுக்கிப் பக்கவாட்டில் விழுந்திருக்கிறாள். ஸ்கீ கழரவில்லை. காலோடு பூட்டியபடியே சுழன்று, 172 செ.மீ. நெம்புகோல் முழங்காலைத் திருப்பியிருக்கிறது. ரோந்து ஆட்கள் சறுக்குப் படுக்கையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். போர்வைக்கு வெளியே முகம் மட்டும் தெரிந்தது. "அம்மா, ஸ்கீக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

உள்பக்கத் தசைநார் இழுபட்டிருந்தது, கிழியவில்லை. ஐந்து கிழமை மலைப்பக்கம் போகக் கூடாது என்றார்கள். இங்கே ஓர் உபரித் தகவல். ஒன்ராறியோவில் 19 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு, வைத்தியர் எழுதித் தந்தால் அரசாங்கப் பணத்தில் இயங்கும் குறிப்பிட்ட கிளினிக்குகளில் பிசியோதெரபி இலவசம். எனக்கு அது தெரிந்தது, தனியார் இடத்தில் என் கையால் 120 டொலர் கொடுத்து முடித்த பிறகு.

ஸ்கீ ஏன் கழரவில்லை என்று பார்க்கத்தான் ஒழுங்கான கடை ஒன்றுக்கு முதன்முதலாகப் போனேன். அங்கே வேலை செய்கிறவர் பைண்டிங்கைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவவின்ர டின் என்ன?" என்றார். எனக்கு ரின்மீன்தான் நினைவுக்கு வந்தது. டின் என்பது பைண்டிங் எவ்வளவு விசையில் காலை விடுவிக்க வேண்டும் என்கிற அளவு. நிறை, உயரம், வயது, ஓடுகிற விதம், பூட்ஸ் அடியின் நீளம் ஐந்தையும் வைத்து அட்டவணையில் பார்ப்பார்கள். மகளுக்கு நாலை ஒட்டி வந்தது. இந்தப் பைண்டிங்கின் அளவுகோல் தொடங்குவதே 6இல், முடிவது 13இல். அதாவது எவ்வளவு தளர்த்தினாலும் அவளை அது விடாது. கடையில் கை வைக்கவே மறுத்துவிட்டார்கள். கேட்டால், பைண்டிங்கும் பழசு, கம்பனி பொறுப்பேற்கும் பட்டியலில் இல்லாததைத் தாங்கள் தொடுவதில்லை என்றார்கள். அதோடு மகளின் பூட்ஸ் அடி கிரிப்வோக் வகை, நடக்கச் சுகமான வளைந்த ரப்பர் அடி. அதை ஏற்கும் என்று குறியிட்ட பைண்டிங்கில் மட்டும்தான் போட வேண்டும். இது அதுவும் இல்லை. எனக்கு வயிறு கலங்கியது. கராஜில் கேட்ட அந்த 'டக்' சத்தத்தை நம்பித்தான் மலை உச்சிக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கிறேன்.

பாவித்த ஸ்கீ வாங்குவதில் பிழை இல்லை, நானும் இன்னும் வாங்குவேன். ஆனால் பைண்டிங்கின் முன்பக்கம் இருக்கிற சின்ன ஜன்னலில் ஆகக் குறைந்த இலக்கம் என்ன என்று முதலில் பாருங்கள். பிள்ளையின் பூட்ஸ் குதிப்பக்கம் மூன்று இலக்கத்தில் அடி நீளம் பொறித்திருக்கும். மகளுடையது அப்போது 298. அதையும் பிள்ளையின் நிறையையும் கைபேசியில் எழுதி வையுங்கள். காசு கொடுக்க முன்னம் அந்த விபரங்களோடு ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்து, "இந்தப் பைண்டிங்கை நீங்கள் சரிபார்த்துத் தருவீர்களா" என்று கேட்டால் இரண்டு நிமிட வேலை. யார் வீட்டுக் கராஜிலும் சரிசெய்ய விடாதீர்கள்.

பைண்டிங்தானே பிழை, அதை மட்டும் மாற்றுவோம் என்று அடுத்த புத்தி. இலக்கம் குறைந்த ஒன்றை இணையத்தில் எடுத்தேன். வந்து பார்த்தால் பிரேக் 90 மி.மீ. ஸ்கீ கழரும்போது கீழே இறங்கிப் பனியைப் பிடிக்கிற அந்த இரண்டு கம்பிக் கால்களும் 104 மி.மீ. ஸ்கீயைத் தாண்டி இறங்கவே இறங்காது. பிரேக் அகலம் ஸ்கீயின் நடு அகலத்துக்குச் சமனாக, அல்லது பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் கூட இருக்க வேண்டும். திருப்பி அனுப்பியதில் 25 டொலர் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகுதான் பூட்ஸ் கதை. அந்தக் கடையில் பூட்ஸ் பொருத்துகிற ஒரு பெண் மகளைச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். உள்மெத்தையை உருவி எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை வைத்து, விரல் நுனி முன்னுக்கு முட்ட நிற்கச் சொன்னார். குதிக்குப் பின்னால் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கலாமாம். மகளுக்கு அவருடைய நாலு விரலும் உள்ளே போய் வந்தது. ஸ்கீ பூட்ஸ் அளவு பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். அவளுக்கு 23.5, நான் வாங்கியிருந்தது 25.5. வளரும் பிள்ளை! குதி உள்ளே ஏறி இறங்கும்போது எந்த ஸ்கீயும் சொன்னபடி கேட்காது, அகலமான ஸ்கீ இன்னும் மோசம் என்றார். ஸ்கீக்குக் காசு குறைந்தால் ஸ்கீயில் குறையுங்கள், பூட்ஸில் குறைக்காதீர்கள் என்பது அவருடைய கட்சி. இப்போது என்னுடையதும் அதுதான். 240 டொலர் பூட்ஸ் 80க்குப் போனது.

முழங்கால் சரியாகி, மாசிக் கடைசியில் அந்தக் கடை வைத்த பரீட்சார்த்த நாளுக்குப் போனோம். ஒரு நாள் கட்டணம் கொடுத்தால் விரும்பின ஸ்கீயை மாற்றி மாற்றி ஓடிப் பார்க்கலாம், வாங்கினால் கட்டணத்தைக் கழித்துவிடுவார்கள். புதுப் பூட்ஸோடு 78, 86, 94 என்று மூன்று அகலம் எடுத்தாள். மூன்றும் 150ஐ ஒட்டிய நீளம், அவளுடைய மூக்குக்கும் நெற்றிக்கும் இடையில் வருகிறது. பெண்களுக்கான மாடல்கள், உலோகத் தகடு குறைவு, கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரிந்தது. அந்த உலோகம் வேகத்தில் அதிர்வைக் குறைக்குமாம். ஆனால் அதை வளைக்க நிறையும் வேகமும் வேண்டும். 47 கிலோவுக்கு அது வெறும் கதவுப் பலகை.

காலை ஒன்பது மணிக்கு இறுகின பனியில் 94 எடுத்துப் போனவள், முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள். 78 கத்தி மாதிரி வெட்டியது என்றாள். மத்தியானம் வெயில் வந்து பனி கஞ்சிமாதிரி ஆனபோது 78 புதைந்தது, 94இல் சிரித்துக்கொண்டே வந்தாள். 86 காலையிலும் பரவாயில்லை, பின்னேரமும் பரவாயில்லை. நான் கீழே இருந்து நேரத்தோடு குறித்துக்கொண்டிருந்தேன், பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர் மாதிரி. அவளுக்கு 94இல் மனம். "பின்னேரப் பனி வருசத்தில எத்தினை நாள்?" என்று கேட்டேன். விரல் மடித்து எண்ணிவிட்டு 86ஐத் தூக்கினாள். சித்திரையில் வேண்டுமானால் ஒரு நாள் 94 வாடகைக்கு எடுப்பது என்று ஒப்பந்தம். அடுத்த வருடம் மாமாவிடம் போனால், அங்கேயே நூறு மி.மீ. வாடகைக்கு எடுக்கலாம். விமானத்தில் காவவும் தேவையில்லை.

பருவ முடிவு என்பதால் நல்ல கழிவு கிடைத்தது. நாலில் சுகமாக நிற்கிற பைண்டிங், பூட்டிச் சோதித்த துண்டுச் சீட்டோடு. ஒரு சின்னக் காரியம் மட்டும் யாரும் சொல்லாமல் நானே கற்றேன்: வீட்டுக்கு வந்ததும் விளிம்பைத் துடைக்க வேண்டும். காரின் பின்பெட்டியில் ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் காலையில் விளிம்பில் மஞ்சள் தூள் பூசின மாதிரித் துரு. இங்கத்தைய பனிக்கு விளிம்பு கூராக இருப்பது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தைவிட முக்கியம். கணவரின் பழைய சாரம் ஒன்று அதற்காகவே கராஜில் தொங்குகிறது.

பழைய 104ஐ விற்க விளம்பரம் போட்டேன். முதல் வந்தவர் பிரம்டனிலிருந்து, கூடவே பதின்மூன்று வயது மதிக்கத்தக்க மெலிந்த பெடியன். தகப்பன் ஸ்கீயைத் தட்டிப் பார்த்தார், விலை கேட்கவே இல்லை, காசை எடுத்துவிட்டார். மகனின் தலைக்கு மேலே ஸ்கீ நிற்பதைப் பார்த்துச் சிரித்து, "அவன் வளருவான்தானே" என்றார். நான் பைண்டிங் ஜன்னலில் 6ஐக் காட்டினேன், மகளின் முழங்கால் பட்டியைக் காட்டினேன். அவருக்குக் கோபம், ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்திருக்கிறார். "விற்க இல்லையென்றால் ஏன் விளம்பரம்?" என்றார். நியாயமான கேள்விதான். பெடியன் காரில் ஏறும் வரைக்கும் திரும்பித் திரும்பி அந்த ஸ்கீயைப் பார்த்துக்கொண்டே போனான். இரண்டு கிழமை கழித்து, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வேலைக்குப் போகிற ஆறடி மனிதர் ஒருவர் 210க்கு எடுத்தார். பைண்டிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது பூட்டுவேன் என்று எழுதித் தரும்படி கேட்டேன். சிரித்தார், ஆனால் எழுதித் தந்தார்.